கோட்டு மறைத்த இரண்டு எழுத்து

கார்டிஃப்
மார்ச் 4

அன்புத் தம்பி இத்தெலுக்கு,

நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன், இல்லையென்றால் பேனா நகராது. போன செவ்வாய்க்கிழமை நான் நம் சர்க்காரின் தலைமை வக்கீல் எதிரில் போய் உட்கார்ந்து, இந்த வயதில் எனக்கு உடம்பு திடீர் திடீரென்று கொதிப்பதையும், உன் அத்தான் க்விலிம் குறட்டை விடுவதையும் ஆற அமரச் சொல்லி, அவருடைய கைக்குட்டையிலேயே மூக்கைச் சிந்திவிட்டு வந்திருக்கிறேன்.

நீ சிரிக்க மாட்டாய் என்று தெரியும். உன் நாய் மோட் சிரிக்கும், அதற்குப் படித்துக் காட்டு.

நடந்தது இதுதான். எங்கள் சர்க்கார் ஆபீஸ் கான்டீன் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். மனசில் பாரம் உள்ள ஊழியர்கள் செவ்வாய்தோறும் மூன்றாம் மாடியில் குன்ஸ்லரிடம் மனம் விட்டுப் பேசி ஆலோசனை கேட்கலாம், இலவசம் என்று. இலவசமாகக் கிடைப்பதை நான் விட்டதுண்டா. டீத்தட்டை இறக்கி வைத்துவிட்டு மேலே போனேன். ஒரு கதவில் பித்தளைப் பலகை. 'குன்ஸ்லர் கஃப்ரெடின்' என்று இருந்தது. கஃப்ரெடின் என்றால் சாதாரணப்பட்டவர்கள். ஆபீசர்களின் பாரத்துக்கு ஒரு குன்ஸ்லர், நம்மைப் போன்ற சாதாரணப்பட்டவர்களின் பாரத்துக்குத் தனியாக ஒரு குன்ஸ்லர், பரவாயில்லை, சர்க்கார் முன்னேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மாள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். தம்பி, என் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்டவர்கள் இந்த உலகத்தில் இதுவரை பசுமாடுகள் மட்டுந்தான். அந்தச் சந்தோஷத்தில் உன் கதைக்கும் வந்துவிட்டேன். நம் பண்ணைக்கு மேலே இருக்கிற ஃப்ரீத்தை, வயலும் அல்லாத மலையும் அல்லாத அந்தச் சரிவை, லண்டன் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது, ஆடு மேய்வதை நிறுத்திவிட்டு ஊசியிலை மரம் நடப் போகிறது, அடுத்த வருஷம் மார்ச் இருபத்தைந்துக்குள் குத்தகையைக் காலி செய்யச் சொல்லி உனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, அந்தச் சரிவு போனால் மந்தையே போயிற்று என்று சொன்னேன். அங்கேதான் அவர் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் நில்லுங்க, நெஸ்ட்டா. மொதல்ல நான் யாருன்னு காட்டிடறேன்."

எழுந்து போய்க் கதவின் வெளிப்பக்கம் மாட்டியிருந்த ஈர மழைக்கோட்டை எடுத்தார். அதற்கடியில் இன்னும் இரண்டு எழுத்து இருந்தது. 'கஃப்ரெடினொல்.' சாதாரணத்துக்கு அல்ல, எல்லாவற்றுக்கும் பொது. சர்க்காருக்கே சட்டம் சொல்கிற குன்ஸ்லர். பெயர் மெரெரிட் ப்ரோபர்ட்.

அப்படியானால் என் கொதிப்புக்கு யாரைப் பார்ப்பது என்று கேட்டேன். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார். அதற்கு மேல் சொன்னால் லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்த குற்றமாகிவிடும் என்றார். பிறகு முகம் மாறியது.

"உங்க தம்பி விஷயத்தை மட்டும் இனிமே எங்கிட்டப் பேசாதீங்க. அந்தச் சரிவுங்களைப் பத்தி ஒரு மசோதா வரப்போகுது. எனக்கு ஒரே கட்சிக்காரர், சர்க்கார். ஒருத்தர் கதை காதுல ஒக்காந்துக்கிட்டா தராசு சாஞ்சிடும்."

சாயட்டுமே என்றேன். சிரித்தார். ஆனால் தலையை ஆட்டவில்லை.

இங்கே நான் நலம். அத்தானும் நலம், முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போனதுபோல் நடந்துகொள்கிறது. உன் நலத்துக்கு எழுது. போனில் பேசலாம் என்று சொல்லாதே. போனில் நீ 'ம்' என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை, 'ம்'முக்குக் காசு கட்டி என்னால் ஆகாது.

உன்மேல் உயிரை வைத்திருக்கும்
அக்கா நெஸ்ட்டா

*

ப்ளைனெநான்ட் பண்ணை
மார்ச் 15

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் விஷயத்தைச் சர்க்காரிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆடுகள் குட்டி போடத் தொடங்கிவிட்டன. மழை. அத்தானின் முழங்காலுக்குக் கம்பளிப் பட்டி அனுப்பியிருக்கிறேன்.

மோட் நலம். நானும்.

இத்தெல்

*

கார்டிஃப்
ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

பட்டி வந்தது. அத்தான் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு திரிகிறார். முழங்காலுக்கு என்று சொன்னால், முழங்காலில் சுற்றினால் யாருக்குத் தெரியும் என்கிறார். மற்றபடி எங்களுக்கு ஒரு குறையுமில்லை. உன் குட்டிகள் எல்லாம் எழுந்து நிற்கின்றனவா, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுதவும்.

இப்போது மூன்றாம் மாடிக்கு டீ கொண்டுபோவது நான்தான். கேட்டு வாங்கிக்கொண்டேன். ப்ரோபர்ட் அம்மாள் என்னிடம் ஜன்னல், மழை, கவுல் சூப்பில் லீக்ஸ் போடுவதா முட்டைக்கோஸ் போடுவதா என்று எல்லாம் பேசுவார். ஃப்ரீத் என்ற பேச்சை நான் எடுத்தால் மட்டும் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒருநாள் சாமர்த்தியமாக, "மலைப்பக்கம் இன்னிக்குக் காத்து பலமாமே" என்று ஆரம்பித்தேன். "டீ நல்லாருக்கு, நெஸ்ட்டா" என்றார். அவ்வளவுதான் முடிந்தது.

இந்தப் பதவியைப் பற்றி வாசற்காவல் இட்வால் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது, தெரியாததையும் சொல்வார். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஹவெல் ராஜா நமக்கென்று சட்டம் செய்தார், பூனைக்குக்கூட விலை வைத்தார். பிறகு ஹென்றி ராஜா வந்து, இங்கிலாந்தின் சட்டந்தான் இங்கேயும் என்று சொல்லிவிட்டார். அதோடு கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷம் நமக்கென்று சட்டமும் இல்லை, அது செல்லுமா செல்லாதா என்று சொல்ல ஆளும் இல்லை. கார்டிஃபில் சட்டமன்றம் வந்தபோது இந்தக் குன்ஸ்லர் ஒரு ஆபீசராகத்தான் இருந்தாராம். சம்பளம், பைல், ஐந்து மணிக்கு வீடு. பிறகு சட்டத்தை மாற்றி, மந்திரிகளோடு மேசையில் நாற்காலி போட்டார்கள். முதல் மந்திரி பெயர் சொல்ல வேண்டும், சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும், ராஜா நியமிக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா. இவர் தேர்தலில் நின்றவர் இல்லை. சட்டமன்றத்துக்குள் போகலாம், பேசலாம், திட்டு வாங்கலாம், ஓட்டுப் போட முடியாது. ஓட்டே இல்லாத இந்த ஒரு ஆளைப் பார்த்தால் ஓட்டு வாங்கி வந்த மந்திரிகள் எல்லாம் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார்கள். ஏனென்றால் எந்த மந்திரி என்ன ஆசைப்பட்டாலும், 'அதுக்கு உங்களுக்கு அதிகாரம் இருக்கு' என்று இவர் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இல்லை.

நம் மசோதா எழுதி முடிந்துவிட்டது. மரம் நடுவதற்காக மட்டும் ஃப்ரீத்தில் இருக்கிற குத்தகைக்காரரை அவர் சம்மதமில்லாமல் வெளியேற்ற முடியாது, ஏற்கெனவே நோட்டீஸ் வாங்கியவர்களுக்கும் சேர்த்து. நம் மொழியிலும் இங்கிலீஷிலும் எழுதுகிறார்கள், இரண்டும் மூலம், ஒன்று மற்றதற்குத் தங்கை இல்லை. இங்கிலீஷில் ஃப்ரீத்தை என்னவென்று போடுவது என்று ஆபீசர்கள் முட்டிக்கொண்டார்களாம். மலை மேய்ச்சல் என்று போடலாமா, சரிவு நிலம் என்று போடலாமா. ப்ரோபர்ட் அம்மாள், "அந்தப் பாஷையில அந்த நெலம் இல்ல, அதனால வார்த்தையும் இல்ல. ஃப்ரீத்துன்னே போடுங்க, கத்துக்கட்டும்" என்றாராம். டீத்தட்டோடு கதவருகே நின்றிருந்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டலாம் போலிருந்தது.

முத்தங்களுடன்
நெஸ்ட்டா

*

ப்ளைனெநான்ட்
மே 20

அக்காவுக்கு,

குட்டிகள் எழுந்துவிட்டன. தாய்களோடு ஃப்ரீத்தில் விட்டிருக்கிறேன். எதுவரை போகலாம் என்று தாய்கள் காட்டிக் கொடுக்கின்றன. அதற்கு நான் தேவையில்லை.

கார்டிஃபில் மாடி வீடுகளில் நாய் வைத்துக்கொள்ள விடுவார்களா? சும்மா கேட்டேன்.

கவுலில் லீக்ஸ்தான்.

மோட் நலம். நானும்.

இத்தெல்

*

கார்டிஃப்
ஜூன் 26

அன்புத் தம்பிக்கு,

நீயும் மோட்டும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம், அத்தான் தன் முழங்காலோடு மறுபடி பேசத் தொடங்கியிருக்கிறார்.

சும்மா கேட்டேன் என்று எழுதியிருந்தாய். நீ பிறந்ததிலிருந்து எதையும் சும்மா கேட்டதில்லை. எங்களைப் போல ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நாயும் நீயும் என்ன செய்வீர்கள்? காலையில் எழுந்து லிஃப்டை மேய்ப்பீர்களா? அந்த எண்ணத்தைக் கொண்டுபோய் ஓடையில் போடு.

ஏனென்றால் மசோதா நிறைவேறிவிட்டது. கான்டீனில் நாங்கள் பாரா ப்ரீத் பழரொட்டி அறுத்துக் கொடுத்தோம், வெண்ணெய் தடவி. இனி ராஜாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதற்கு முன்னால் நாலு வாரம் காத்திருக்க வேண்டுமாம். அதற்குள் லண்டன் சர்க்காரின் பெரிய வக்கீல் விரும்பினால், இப்படிச் சட்டம் போட கார்டிஃப்காரர்களுக்கு அதிகாரம் உண்டா என்று உச்ச நீதிமன்றத்தைக் கேட்கலாம். லண்டன் பக்கம் இதுவரை மூச்சு இல்லை. இங்கே எல்லாரும் குழந்தை தூங்குகிற வீட்டில் நடப்பதுபோல் நடக்கிறோம்.

அக்கா நெஸ்ட்டா

*

கார்டிஃப்
ஜூலை 17

தம்பிக்கு,

எல்லாரும் நலம், அதெல்லாம் இருக்கட்டும். கோபத்தில் எழுதுகிறேன், எழுத்து ஆட்டுப் புழுக்கை மாதிரி விழுந்தால் பொறுத்துக்கொள்.

லண்டன்காரர்கள் கேட்கவில்லை. இவர் கேட்டுவிட்டார். ஆமாம், உன் அக்கா ஐந்து மாதமாகத் தலையில் தூக்கி வைத்து ஆடிய அந்தப் ப்ரோபர்ட் அம்மாள்தான். நாலு வாரம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, நம் சட்டத்தை எடுத்துக்கொண்டு போய், இது செல்லுமா என்று உச்ச நீதிமன்றத்தில் வைத்துவிட்டார். குன்ஸ்லருக்கும் அப்படிக் கேட்க அதிகாரம் உண்டாம். எவன் கொடுத்தான் அந்த அதிகாரத்தை?

முதல் மந்திரி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மந்திரிகள் அவரிடம் பேசினார்கள். கெஞ்சியிருக்கிறார்கள். லண்டனே விட்டுவிட்ட விஷயத்தை நாமே ஏன் தட்டி எழுப்ப வேண்டும் என்று. இட்வால் வெளியே நின்றிருந்தார். அவர் காதில் விழுந்தது இதுதான்: "வேணாம்னா என்னை மாத்திடுங்க. நான் இருக்கறவரைக்கும் இதைக் கேக்காம விடமாட்டேன்."

நானும் தண்டனை கொடுத்துவிட்டேன். ஒரு வாரமாக அவருக்கு ஆறிய டீதான். பாரா ப்ரீத்தில் முந்தாநாள் துண்டு. குடித்துவிட்டு 'நன்றி' என்கிறார். அது இன்னும் எரிகிறது.

இனி தீர்ப்பு எப்போதோ. நீ என்ன செய்யப் போகிறாய்?

நெஸ்ட்டா

*

ப்ளைனெநான்ட்
ஜூலை 28

அக்காவுக்கு,

உன் கொதிப்பு குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆட்டை விடுவதற்கு முன்னால் வேலிக் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். ஆடாத கம்பம் என்று தெரிந்தால்தான் வீட்டுக்கு வந்து படுக்கலாம். உன் ப்ரோபர்ட் அம்மாளும் அதைத்தான் செய்கிறார் போல. டீயைச் சூடாகக் கொடு.

கம்பெனி ஏஜெண்டு வந்திருந்தார். மார்ச் வரை இழுக்காமல் இந்த இலையுதிர் காலத்திலேயே சரிவை விட்டுக்கொடுத்தால் ஒரு தொகை தருகிறார்களாம். தாய் ஆடுகளை வாங்க ஆள் வருவது அக்டோபர் சந்தைக்குத்தான். மார்ச்சில் யாரும் வாங்க மாட்டார்கள். தீர்ப்பு அதற்குள் வராது என்றார். அது உண்மைதான்.

மோட் நலம்.

இத்தெல்

*

கார்டிஃப்
ஆகஸ்ட் 9

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் பார்த்தேன். 'மோட் நலம்' இருக்கிறது. 'நானும்' இல்லை. முப்பது வருஷமாக நீ எனக்கு எழுதுகிற கடிதங்களில் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் உறையைக் கிழிக்கிறேன்.

விற்காதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது, நான் ஊரை விட்டு வந்தவள். ஆனால் அந்த ஆடுகளுக்கு மேலே மலைப்பக்கம் வேலி கிடையாது, தாய் காட்டிய எல்லைதான். விற்றுவிட்டு அப்புறம் வேறு மந்தை வாங்கி விட்டால், அவை நேராக டோல்கெத்லாய் கடைத்தெருவுக்கு வந்து நிற்கும். போனால் போனதுதான். உனக்குத் தெரியாததா.

டீ சூடாகக் கொடுத்தேன். ப்ரோபர்ட் அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் ஒப்புக்கொண்டுவிட்டேன். கோபத்தில் ஆறிய டீ கொடுத்தேன், மன்னிக்க வேண்டும், எனக்குத் தெரிந்த ஒருவர் கம்பத்தை ஆட்டிப் பார்க்கிற கதையைச் சொன்னார், அப்புறந்தான் உறைத்தது என்றேன்.

"அந்தத் தெரிஞ்சவர் யாருன்னு எனக்குத் தெரியாது" என்றார். "தெரியவும் வேணாம். ஆனா அவர் சொன்னது சரி."

டீயைக் குடித்து முடித்துவிட்டு இன்னொரு கப் கேட்டார். ஜலதோஷமாகவும் இருக்கலாம்.

ஒரு வரி எழுது. 'நானும்' என்று மட்டும் எழுதினாலும் போதும், தபால்தலைக் காசை நான் தருகிறேன்.

அக்கா

*

கார்டிஃப்
அக்டோபர் 14

இத்தெலுக்கு,

ஆகஸ்டிலிருந்து உன் எழுத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கார்டு போட்டேன், பதில் இல்லை. உயிரோடு இருக்கிறாய் என்பது மட்டும் தெரியும், இல்லையென்றால் பக்கத்துப் பண்ணைக்காரர் இரங்கல் சொல்லிவிட்டு உன் டிராக்டரை விலை கேட்டிருப்பார். வருகிற வெள்ளிக்கிழமை சந்தை என்பதும் தெரியும். அதனால்தான் அவசரமாக இதை எழுதுகிறேன்.

நான் லண்டன் போய் வழக்கைப் பார்த்தேன். லீவு போட்டு, பஸ் பிடித்து, அத்தானையும் முழங்காலையும் இழுத்துக்கொண்டு. பார்வையாளர் வரிசையில் யாரும் உட்காரலாம், சாதாரணப்பட்டவர்களுக்கும் இடமுண்டு. இந்தத் தடவை பலகையை முழுசாகப் படித்துவிட்டுத்தான் நுழைந்தேன்.

லண்டன் சர்க்கார் அனுப்பிய எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல உயரம், நல்ல குரல். இது நிலம், சொத்து, இதில் கை வைக்க கார்டிஃபுக்கு அதிகாரமில்லை என்று அடுக்கினார். நாக்குதான் ஒத்துழைக்கவில்லை. முதலில் 'ஃப்ரிட்' என்றார். யாரோ காதில் ஓதினார்கள். அடுத்து 'ப்ரீத்' என்றார். ப்ரோபர்ட் அம்மாள் எழுந்து, "ப்ரீத் சாப்பிடறது, ஐயா. இது ஃப்ரீத், மேயறது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நீதிபதிகளே சிரித்தார்கள். நான் சிரித்ததுதான் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, சேவகர் வந்து முறைத்தார்.

அப்புறம் இவர் முறை. குறிப்பைப் பார்க்காமல் பேசினார். அதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த இடம் இது. நடுவில் உட்கார்ந்திருந்த நீதிபதி, இந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவந்ததே நீங்கள்தானே, அப்படியானால் உங்களுக்கே இதன்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டார். அத்தான்கூட மூச்சை அடக்கிக்கொண்டார்.

"எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார். "எங்கேயோ மலையில ஒருத்தர் இருக்கார், அவருக்காகத்தான் கேக்கறேன். இந்தச் சட்டத்தை நம்பி அவர் ஆட்டை விக்காம வெச்சுக்குவார். ரெண்டு வருஷம் கழிச்சு யாராவது வந்து, இதைப் போட உங்களுக்கு அதிகாரமே இல்லன்னு சொல்லிட்டா, எங்களுக்கு ஒரு சட்டம் போகும், அவருக்கு எல்லாமே போயிடும். அவர் எங்களை நம்பறதுக்கு முன்னாடியே, நம்பலாமான்னு நான் கேட்டுடணும். அதுதான் என் வேலை."

தம்பி, அவர் உன்னை நினைத்துச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. ஆனால் சட்டம் சொல்கிற ஒரு நாற்காலியில் நம் மொழி பேசுகிற ஒருத்தி, கோர்ட்டு நடுவில் நின்று, மலையில் இருக்கிற ஒருத்தரைப் பற்றிக் கவலைப்பட்டதை நான் என் காதால் கேட்டேன். ஐந்நூறு வருஷமாகக் காலியாகக் கிடந்த நாற்காலி அது. அழுதேன். சேவகர் மறுபடி வந்து முறைத்தார்.

தீர்ப்பு பிப்ரவரியில்தான். எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ப்ளைனெநான்ட்
அக்டோபர் 21

அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை காலை ஆடுகளை லாரியில் ஏற்றி முடித்தபோது தபால்காரர் வந்தார். கடிதத்தை வண்டியிலேயே படித்தேன். லாரி கிளம்பிவிட்டதால் சந்தைக்குப் போனேன்.

நம் ஆடுகளின் முறை வருவதற்கு முன்னால் ஏஜெண்டு வந்து தோளில் தட்டினார்.

"நல்ல முடிவு, இத்தெல். கடைசியில உனக்கும் புத்தி வந்துடுச்சு" என்றார்.

நான் விற்க வரவில்லை, கிடா வாங்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டதால் ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. ஆடுகளையும் கிடாவையும் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். லாரிக்காரர் வழியெல்லாம் பேசவில்லை.

நல்ல கிடா. வலது முன்னங்கால் குளம்பில் புண் இருக்கிறது, சந்தையில் கவனிக்கவில்லை. அதற்குக் குன்ஸ்லர் என்று பெயர் வைத்திருக்கிறேன். யார் கூப்பிட்டாலும் எதிரில் வந்து நின்று முகத்தைப் பார்க்கிறது.

சட்டம் செல்லாது என்று வந்தால் மோட்டும் நானும் கிடாவும் உன் மூன்றாம் மாடி வீட்டுக்கு வருகிறோம்.

எழுதாமல் இருந்ததற்குக் காரணம் எழுத எதுவும் இல்லை.

மோட் நலம். நானும்.

இத்தெல்

*

கார்டிஃப்
பிப்ரவரி 11

என் கண்ணான தம்பிக்கு,

செல்லும்.

உட்கார்ந்துகொண்டு படி. நீதிபதிகள் எல்லாரும் ஒரே குரலில். கார்டிஃபுக்கு அந்த அதிகாரம் உண்டு, ஏற்கெனவே நோட்டீஸ் வாங்கியவர்களுக்கும் இது பொருந்தும். இனி எந்தக் கம்பெனியும் இதை அசைக்க முடியாது. இவர் கேட்காமல் விட்டிருந்தால், உன் ஏஜெண்டின் ஆட்களே நாளைக்கு இதே கேள்வியோடு கோர்ட்டுக்குப் போயிருப்பார்களாம், அவர்களுடைய வக்கீல் பாதி எழுதியே வைத்திருந்தாராம். இட்வால் சொன்னார். அவர் சொல்வதில் பாதியாவது நிஜம்.

மந்திரிகள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். ஜூலையில் கெஞ்சியவர்கள் எல்லாம் இப்போது, நாங்கள் அப்போதே சொன்னோமே என்கிறார்கள். ப்ரோபர்ட் அம்மாள் அங்கே நிற்கவில்லை. கீழே கான்டீனுக்கு வந்தார், வரிசையில் நின்றார், கவுல் வாங்கினார், என் கவுன்டர் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"இப்பச் சொல்லுங்க, நெஸ்ட்டா. மார்ச்சுல பாதியில நிறுத்திட்டோம். உங்க தம்பி என்ன பண்ணார்?"

பதினோரு மாதம், தம்பி. தினமும் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு, ஒரு நாள்கூடக் கேட்காமல், அந்தக் கேள்வியை அப்படியே வைத்திருந்திருக்கிறார். கேட்டால் தராசு சாயும் என்று.

லாரி, சந்தை, ஏஜெண்டு, கிடா எல்லாம் சொன்னேன். பேச்சுக்கு நடுவில் அவர் கவுலில் என் கண்ணீர் விழுந்தது, உப்பு சரியாக இருக்கிறது என்றார். கிடாவின் பெயரை மட்டும் சொல்லவில்லை. மரியாதையாக இருக்காது.

ஈஸ்டர் லீவில் உங்கள் பக்கம் நடக்க வருகிறாராம். மூன்று நாள் கோர்ட்டில் ஃப்ரீத் ஃப்ரீத் என்று பேசினேன், ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை, கடலோரத்தில் வளர்ந்தவள் என்றார். உன் விலாசத்தைக் கொடுத்திருக்கிறேன். வீட்டைக் கூட்டி வை. 'ம்' என்பதைத் தாண்டி இரண்டு வார்த்தை தயார் செய்து வை. என் மானம் உன் கையில்.

உன் நலத்தையும் மோட்டின் நலத்தையும் கிடாவின் குளம்பின் நலத்தையும் நாடும்
அக்கா நெஸ்ட்டா

*

ப்ளைனெநான்ட்
ஏப்ரல் 24

அக்காவுக்கு,

மோட் நலம். நானும். அத்தான் இப்போது நன்றாக நடப்பார் என்று நம்புகிறேன்.

நோட்டீஸை வாபஸ் வாங்கியதாகக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மார்ச் இருபத்தைந்து வந்தது, போயிற்று. அன்று கல்சுவரில் சரிந்த இடத்தைக் கட்டிக்கொண்டிருந்தேன். தாய் ஆடுகள் எல்லாம் இரண்டு இரண்டாகப் போட்டிருக்கின்றன. கிடா நல்ல கிடா.

ப்ரோபர்ட் அம்மாள் சனிக்கிழமை வந்தார். ஃப்ரீத் முழுவதும் நடந்தார். ஒரு இடத்தில் குனிந்து வேலிக் கம்பம் ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். நான் சொல்ல வைத்திருந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல அது சரியான நேரமாகத் தோன்றியது, ஆனால் காற்று பலமாக இருந்தது. டீ குடிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுக்களையில் அவரை மேசையில் உட்கார வைத்து டீ ஊற்றினேன். கல்லில் சுட்ட கேக்கும் வைத்தேன். நல்ல மனிதர். நான் பேசாமல் இருந்தால் அவரும் பேசாமல் இருக்கிறார்.

குளம்புப் புண்ணுக்கு மருந்து போட்ட காலத்தில் அந்தக் கிடாவை அடுக்களையில் வைத்துத் தீனி கொடுத்துப் பழக்கிவிட்டேன். பின்கதவைத் தாழிட மறந்துவிட்டேன். அவர் முதல் கேக்கை எடுத்துக் கடித்தபோது அது உள்ளே வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் படுத்து, தன் பழைய தீனிச் சட்டியில் வாயை வைத்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"குன்ஸ்லர், தின்னது போதும், எந்திரிச்சு வெளிய போ" என்று நான் சத்தம் போட்டேன்.

அவர் எழுந்தார். டீக்கு நன்றி சொன்னார். கோட்டை எடுத்துக்கொண்டு முன்கதவு வழியாகப் போய், கதவை மெதுவாகச் சாத்தினார். நான் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடுவதற்குள் கார் பாலத்தைத் தாண்டிவிட்டது.

மிச்சமிருந்த கேக்கைக் கிடா தின்றுவிட்டது. தட்டு உடையவில்லை.

இத்தெல்